மலையேறி வந்த மீன்

தமிழ்நாட்டின் மேற்கெல்லையில் நிமிர்ந்து நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால், கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், சின்னக்கானல் என்னும் ஊர் இருக்கின்றது. கடற்கரைச் சோலையைக் கானல் என்று வழங்கினர் பண்டைத் தமிழர். கோடை வெயிலில் தொலைவில் நீர்போல் தோன்றி ஏமாற்றுவதையும் நாம் கானல் என்கிறோம். இம்மலையூரிலோ கடலும் இல்லை, பொய்ந்நீரும் இல்லை. கரும்பாறைகளின்மீது வெள்ளி இழைபோல் இறங்கும் மெய்யான தண்ணீரையே எப்பக்கமும் காண்கிறோம். அந்த மலைநாட்டு நீரில் வாழும் அயல்நாட்டு மீன் ஒன்றையும், அதனைப் பொய் ஈ காட்டிப் பிடிக்கும் விந்தையான முறையையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவலாம். டிரவுட் என்னும் அம்மீன் நம்மைப் போலவே பிறந்த இடம் விட்டு வந்தது. வந்த இடத்தில் ஓர் உயிர் நிலைபெறுவதற்கு என்னென்ன வேண்டும் என்பதை அதன் கதை தெளிவாகக் காட்டுகிறது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அக்கதையில் சிந்திக்க வேண்டியது நிரம்ப உண்டு.

நாங்கள் மூன்று குடும்பத்தினர். மூவரும் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தர்கள். ஆகவே மலைக்குச் செல்வதென்றாலும் முதலில் ரயில் வழி உண்டா என்று பார்ப்பதே எங்கள் வழக்கம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவுக்கு இருப்புப்பாதை உண்டு. 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டுப் பின்னர் மீண்டும் போடப்பட்டது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மறுபடியும் நிறுத்தப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின், 2023-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் போடிக்கு மீண்டும் பயணிகள் வண்டி வந்தது. ஏலக்காய் மணக்கும் அந்நகரில் இறங்கிப் பேருந்தில் ஏறினால், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையலாம். அங்கே தமிழ்நாட்டின் எல்லை முடிகிறது. பூப்பாறையையும், அணை நீர் தேங்கி நிற்கும் ஆனையிறங்கலையும் தாண்டினால் சின்னக்கானல் வந்துவிடும்.

ஆனையிறங்கல் என்ற பெயரே அந்நிலம் யாருடையது என்பதைச் சொல்கிறது. யானைகள் நெடுங்காலம் இறங்கி நீர் அருந்திய வழிகளில் இன்று குடியிருப்புகளும் தோட்டங்களும் கடைகளும் இருக்கின்றன. அரிசியைத் தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்ததனால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற ஆண் யானையை, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இவ்வூரில்தான் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டு சென்றனர். அது கம்பம் பகுதிக்குள் நுழைந்ததனால், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டு வனத்துறையினர் அதைப் பிடித்துத் தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர். ஓர் உயிரை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பது எளிதான செயலன்று என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சின்னக்கானலிலிருந்து மேற்கே லாக்ஹார்ட் கணவாயைக் கடந்து செல்லும் சாலை தேவிகுளம் வழியாக மூணாற்றை அடைகிறது. இருமருங்கிலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை. அதற்கும் மேலே புல்வெளி. புல்வெளியின் மடிப்புகளிலே கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலைகள். தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், இவையனைத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தேவிகுளத்து ஏரியும் இராஜமலைப் பக்கத்து ஓடைகளுமே டிரவுட் மீனுக்குப் பெயர்பெற்ற நீர்நிலைகளாகும்.

இங்கே ஒரு காலத்தில் ரயிலும் ஓடியது என்றால் நேயர்கள் வியப்பார்கள். 1902-ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில், எருதுகள் இழுக்கும் வண்டிகள் ஓடின. 1908-ஆம் ஆண்டில் இரண்டு அடி அகலமுள்ள சிறு ரயிற்பாதை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கீழே கொட்டகுடிக்கு இறங்கிப் போடியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றுவிட்டது. அதன் பிறகு அதனை எவரும் திரும்பப் போடவில்லை. இம்மலையில் நீருக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். மீனின் கதைக்குப் பின் அந்நீரின் பேச்சு மீண்டும் வரும்.

நிற்க. டிரவுட் மீன் இம்மலைக்கு வந்தது எவ்வாறு?

இதில் இரண்டு இனங்களை நாம் அறிந்துகொள்ள வேண்டும். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவில் தோன்றியது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும், ருஷ்ய நாட்டின் கம்சாத்கா பகுதியிலும் தோன்றியது. பக்கவாட்டில் இளஞ்சிவப்புப் பட்டையும், உடலெங்கும் கரும்புள்ளிகளும் உடையதாகையால் அதற்கு வானவில் என்று பெயர். ஆங்கிலேயர் எங்கெங்கு குடியேறினரோ அங்கெல்லாம் தம் ஊர் மீனையும் கொண்டுசெல்ல விரும்பினர். 1864-ஆம் ஆண்டில் டிரவுட் முட்டைகளைப் பாசியில் பொதிந்து, பனிக்கட்டியில் வைத்து, கப்பலில் டாஸ்மேனியாத் தீவுக்குக் கொண்டுபோய்ப் பொரிக்கச் செய்தனர். நீலகிரியில் 1863-ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர் முயன்று தோல்வியுற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் என்பார் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வானவில் டிரவுட்டை நிலைபெறச் செய்தார். காஷ்மீரத்தில் முதலில் அனுப்பிய முட்டைகள் வழியிலேயே அழிந்தன. 1900-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து மறுமுறை வந்தவை பிழைத்தன. மூணாற்று மலைகளிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தோட்டத் துரைமார்கள் இம்முயற்சியில் இறங்கினர். பழுப்பு டிரவுட் இங்கே வேரூன்றவில்லை. வானவில் டிரவுட்டே நிலைத்தது. இராஜமலையில் அதற்கெனப் பொரிப்பகமும் அமைந்தது.

இந்த மீனுக்கு வேண்டுவன மூன்று. முதலாவது, குளிர்ந்த நீர். ஏறக்குறைய 10 பாகை முதல் 18 பாகை வரை வெப்பமுள்ள நீரில் அது நலமாக வாழும். 20 பாகையைக் கடந்தால் சோர்வுறும். 25 பாகையை எட்டினால் இறக்கும் நிலை வந்துவிடும். குளிர்ந்த நீரிலேதான் பிராணவாயு மிகுதியாகக் கரைந்திருக்கும் என்பதும் ஒரு காரணம். கடல்மட்டத்துக் கணக்கில், ஒரு லிட்டர் நீர் 10 பாகையில் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 25 பாகையிலோ சுமார் 8 மில்லிகிராம்தான். இரண்டாவது, தூய சரளைக்கல். பெண் மீன் தன் வாலினால் சரளையை விலக்கிப் பள்ளம் செய்து அதில் முட்டையிடும். பிறகு சரளையால் அதை மூடும். 10 பாகை நீரில் அவை பொரிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் மேலிருந்து சேறு வந்து படிந்தால் முட்டைகள் மூச்சடைத்து மடியும். மூன்றாவது, இரை. அவ்விரையில் பெரும்பகுதி, ஓடையிலே பிறந்து வளரும் பூச்சிகளாகும்.

இவ்வாறு பூச்சியை உண்ணும் மீனைப் பூச்சி வடிவத்தாலேயே ஏமாற்றலாம் என்பதை மனிதர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டறிந்தனர். ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் உரோம நாட்டில் வாழ்ந்த ஏலியன் என்னும் ஆசிரியர், மாசிதோனியா நாட்டார் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகு இரண்டை அதனோடு பொருத்தி, ஆற்றில் விட்டு மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். 1496-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் ஒன்று, பன்னிரண்டு வகைப் பொய் ஈக்களைக் கட்டும் முறையைக் கூறுகிறது.

நாம் ஊரில் கண்ட தூண்டிலில் மண்புழுவைக் கோத்து, தக்கையைக் கட்டி, நீரில் எறிந்து, தக்கை அமிழ்வதைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்போம். இம்முறை அதனின்றும் முற்றும் வேறானது. பொய் ஈ என்பது சிறிய முள்ளில் பட்டு நூலாலும் இறகாலும் மயிராலும் கட்டப்பட்டது. ஓர் உளுந்தின் எடைகூட இராது. அத்துணை இலேசான பொருளை எவ்வாறு தொலைவில் எறிவது? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. எடை முழுவதும் கயிற்றில் வைக்கப்படுகிறது. எட்டு ஒன்பது அடி நீளமுள்ள வளையும் கோலில், தடித்த கயிறு ஒன்று கோத்திருக்கும். கோலைப் பின்னால் வீசியதும் கயிறு தலைக்குப் பின்னே வளைந்து நீளும். அது முழுவதும் விரியும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் வீசினால் கயிறு சாட்டைபோல் சுருள்விரிந்து செல்லும். கயிற்றின் நுனியில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய நரம்பும், நரம்பின் முனையில் பொய் ஈயும் இருக்கும். கயிறு இறங்கிய பிறகு, காற்றில் வந்த பூச்சி நீரில் அமர்வதுபோல் ஈ மெல்ல அமர வேண்டும்.

தேவிகுளத்துப் பக்கத்து நீர்நிலை ஒன்றில், அனுமதி பெற்று மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை நாங்கள் நெடுநேரம் பார்த்தவாறு நின்றோம். அவர் வீசிய கயிறு காலைப் பொழுதின் மூடுபனியில் எழுத்து எழுதுவதுபோல் இருந்தது. எங்கள் பிள்ளைகள் ஓசை செய்யாமல் நின்றது அதுவரை நாங்கள் காணாத அதிசயம். அப்பொழுது எங்கள் பின்னால் வந்து நின்றவர் எண்பதை நெருங்கும் ஒரு பெரியவர். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தலையில் கம்பளித் தொப்பி, தோளில் துண்டு. தமிழில் நாங்கள் பேசுவதைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்று விசாரித்தார். எங்கள் ஊர்களைச் சொன்னோம். தம் பாட்டனார் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கங்காணியுடன் மலையேறி நடந்தே வந்தவர் என்று அவர் கூறினார். சிறுவனாய் இருந்தபோது அவர் துரைமார்களுக்குக் கூடையும் வலையும் தூக்கிச் சென்றாராம்.

"அப்படியானால் உங்களுக்கும் இந்தத் தூண்டில் போடத் தெரியுமா ஐயா?" என்று எங்களுள் ஒருவர் கேட்டார்.

பெரியவர் சிரித்தார். "கோலு அவங்க கையில இருக்கும் தம்பி. மீன் எங்கன நிக்கும்னு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

பிறகு அவர் எங்களை அருகிலிருந்த சிற்றோடைக்கு அழைத்துச் சென்று, முழங்கால் அளவு நீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினார். கல்லின் அடியில் மணல் துகள்களால் ஆன சிறு குழாய் ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு புழு. "கல்லு வீட்டுப் பூச்சின்னு சொல்லுவோம். தன் வீட்டைத் தானே கட்டிக்கும்" என்று பிள்ளைகளிடம் காட்டினார். ஆங்கிலத்தில் கேடிஸ் என்பது அதுவே. மற்றொரு கல்லின்மேல் மூன்று வால்களை உடைய தட்டையான சிற்றுயிர் ஒன்று விரைந்து ஓடியது. அது மேஃப்ளை எனப்படும் பூச்சியின் இளம்பருவம். மாதக்கணக்கில் நீருக்கடியில் வாழ்ந்து, ஒரு நாள் மேலே மிதந்து வந்து, தோலை உரித்துச் சிறகு பெற்றுப் பறக்கும். சிறகு பெற்ற பின் அது உண்பதில்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் மடிந்து நீரில் விழும். மழைக்குப் பின் நம் ஊர்க் குளங்களில் ஈசல் விழும்போது மீன்கள் துள்ளுவதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே மேஃப்ளை எழும் வேளையில் டிரவுட் மேலே வந்து வட்டமிட்டு விழுங்கும். எந்தப் பூச்சி எந்த வேளையில் எழுகிறதோ, அதன் அளவிலும் நிறத்திலும் கட்டிய ஈயையே அப்பொழுது வீச வேண்டும். நீருக்கடியில் உள்ள இளம்பருவத்தைப் போன்று மூழ்கும் ஈயும் உண்டு. மேலே மிதக்கும் ஈயும் உண்டு.

மீன் நீரோட்டத்தை எதிர்த்து நின்று இரைக்குக் காத்திருக்கும். ஆகவே தூண்டிற்காரர் அதற்குப் பின்னால், கீழ்ப்புறத்தில் நின்று வீசுதல் வேண்டும். ஈயானது நீர் இழுக்கும் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். கயிறு இழுத்து அது சற்றே குறுக்காக நகர்ந்தாலும் மீன் ஐயுற்று ஒதுங்கிவிடும். எவ்வளவு அழகாகக் கட்டிய ஈயாயினும், அந்த ஓடையின் போக்கில் மிதக்கவில்லையென்றால் பயனில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்திறகில் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும் மஞ்சள் வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். அவ்விறகைப் பொய் ஈ கட்டுவதற்கென ஆங்கிலேயர் பெரிதும் விரும்பி வாங்கினர். நம் மலைக்கோழியின் இறகு கப்பலேறி இங்கிலாந்து சென்று, முள்ளில் கட்டப்பட்டு, சால்மன் மீனையும் டிரவுட் மீனையும் பிடித்தது. பிற்காலத்தில் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கின்றது.

கல்லைப் புரட்டிய அந்த ஓடைக்கரையில் எங்களுக்கு ஒரு செய்தி விளங்கியது. மீனின் மூதாதையர் அயல்நாட்டினர். ஆனால் இங்கே பொரித்த மீன் தின்று வளர்ந்தது இந்த மலையின் பூச்சியை. அதற்குத் தெரிந்த சுவை இந்த ஓடையின் சுவை ஒன்றே. இங்கிலாந்து ஓடையின் பூச்சியைப் பார்த்துக் கட்டிய ஈயைக் கொண்டுவந்து அதன்முன் வீசுகிறவர், மீனின் பூர்வீகத்தை எண்ணுகிறாரேயன்றி அதன் வாழ்வை எண்ணவில்லை. நம் பிள்ளைகளிடமும் நாம் இவ்வாறு நடந்துகொள்கிறோம் அல்லவா? அவர்கள் பிறவாத ஊரின் பெயரைச் சொல்லி அதுவே அவர்கள் ஊர் என்கிறோம். அவர்கள் வளரும் ஊரின் மரத்தையும் பறவையையும் நீரையும் நாம் அறிய முயல்வதில்லை. முன்னதைச் சொல்வதில் தவறில்லை. பின்னதையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

டிரவுட் மீனின் வருகையால் நன்மையே விளைந்தது என்று யாம் கூற வரவில்லை. உலகில் மிகுந்த தீங்கு செய்யும் அயலினங்கள் என்று அறிஞர்கள் வகுத்த நூறு உயிர்களின் பட்டியலில் இவ்விரு டிரவுட் இனங்களும் இடம்பெற்றுள்ளன. சிறிய நாட்டு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அது தின்றுவிடும். ஆனால் அது தானாக வந்ததன்று. கொண்டுவந்தவர் தம் பொழுதுபோக்கின் பொருட்டுக் கொண்டுவந்தனர். நீரின் குளிர்ச்சியை அளந்தனர், சரளையைப் பார்த்தனர், முட்டைக்குப் பாசி மெத்தையும் பனிக்கட்டியும் அளித்தனர், பொரிப்பகம் கட்டினர், காவலரை வைத்தனர்.

அதே துரைமார்களின் தோட்டங்களுக்கு அதே காலத்தில் கொண்டுவரப்பட்ட மற்றோர் உயிரும் உண்டு. 1877-ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவர் இம்மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பின், தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டவும் தேயிலை நடவும் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து நம் மக்கள் கணவாய் வழியே ஏறி வந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது லயம் என்னும் வரிசை வீட்டில் ஓர் அறை. மீனுக்குக் கேட்டதுபோல், 'இவர்கள் இங்கே நிலைபெற என்ன வேண்டும்?' என்று அவர்களைக் குறித்துக் கேட்டவர் அரியர். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தர வேண்டும் என்று விதித்தது. ஆயினும் அவ்வீடு வேலைக்கு உரியதே தவிர, வாழ்கிறவருக்கு உரியதன்று. எங்களுக்கு வழிகாட்டிய பெரியவர் கூறியதை அவர் சொல்லிலேயே தருகிறோம்: "மக கொழுந்து எடுக்கிற வரைக்கும் தலைக்கு மேல கூரை இருக்கு தம்பி. அவ நின்னுட்டா, நாலு தலைமொறை இருந்த எடத்த விட்டு எறங்கணும். எறங்கி எங்க போறது? கோவில்பட்டியில எங்களுக்கு யாரத் தெரியும்?"

2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, குறைக்கப்பட்ட போனசையும் கூலி உயர்வையும் கேட்டுப் போராடினர். 'பெம்பிளை ஒருமை' என்று அவ்வெழுச்சி பெயர் பெற்றது. எந்தக் கட்சித் தலைவரையும் முன்னிறுத்தாமல் அவர்கள் பேசியதை நாடே வியந்து பார்த்தது.

பின்னர் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், பெருமழையில் மலை சரிந்து லயங்களின்மேல் இறங்கியது. உறக்கத்தில் இருந்த குடும்பங்கள் மண்ணில் புதைந்தன. மாண்டவர் எழுபதின்மர். அவர்களுள் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. நம்முடைய மொழி பேசிய மக்கள். கிடைத்த உடல்களை இராஜமலையிலேயே அடக்கம் செய்தனர். 1924-ஆம் ஆண்டு ரயிற்பாதையைக் கொண்டுபோன அதே மலைநீர்தான். எங்கு முட்டையிட்டால் சேறு மூடும், எங்கு மூடாது என்று மீனுக்காக ஆராய முடிந்த மனிதரால், எந்தச் சரிவின்கீழ் மக்களைக் குடிவைக்கலாகாது என்றும் ஆராய முடியும். அந்த ஆராய்ச்சியைச் செய்து, உறுதியான நிலத்தில், தம் பெயரில் எழுதிய ஒரு வீட்டை அவர்களுக்கு அளிப்பதே கடமையாகும். பெட்டிமுடியில் உயிர் தப்பிய குடும்பங்கள் சிலவற்றுக்குக் குற்றியாற்றில் வீடு கட்டிக் கொடுத்தனர். ஏனையோருக்கும், சரிவு வருமுன்னரே, அது கிட்ட வேண்டும்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஜூன் முதல் ஆகஸ்டு முடிய மழை கடுமையாக இருக்கும். குழந்தைகளுடன் செல்வோர் அம்மாதங்களைத் தவிர்க்கவும். இராஜமலையை உள்ளடக்கிய இரவிகுளம் தேசியப் பூங்கா 1978-ஆம் ஆண்டில் அமைந்தது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். வரையாடு குட்டி ஈனும் பருவமாகிய பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வழக்கமாக அதனை மூடிவிடுவர். அங்கே மீன் பிடிக்க எண்ணுதல் கூடாது. பாலத்தின்மேல் நின்று ஓடையைப் பார்த்தாலே போதும். நிழல் விழாமல் நின்றால், கல்லோடு கல்லாகத் தோன்றும் மீன் ஒன்று வாலை மெல்ல அசைத்து நீரை எதிர்த்து நிற்பதைக் காணலாம். தின்பண்டத் தாள்களையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் ஓடையில் எறியாதிருங்கள். புல்வெளியும் சோலையும் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் குளிர்ந்த நீராக விடுவதனால்தான் அந்த மீன் பிழைக்கிறது. கீழே தேனிக்காரரும் எர்ணாகுளத்தாரும் குடிக்கும் மலைநீரும் இத்தகைய சோலைகளில் பிறந்ததே. சோலை அழிந்து நீர் சூடேறினால் முதலில் மறைவது டிரவுட் ஆகும். அடுத்து யார் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

தேயிலைச் சரிவுகளைப் படம் பிடித்துக்கொள்ளும் போது, அங்கே கூடை சுமக்கும் தாய்மார்களிடம் தமிழில் இரண்டு சொல் பேசுங்கள். "எந்த ஊர்?" என்று அவர்கள் நம்மைக் கேட்பார்கள். நாமும் அவர்களைக் கேட்போம். தம் பாட்டனாரின் ஊரைச் சொல்வோரும் உண்டு. பெரும்பாலோர், தாம் கொழுந்து எடுக்கும் தோட்டத்தின் பெயரையே சொல்கின்றனர். அந்தப் பெயரைத் தம் ஊர் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு எழுத்திலும் கிடைக்கும் நாள் விரைவில் வருக என்பதே நம் அனைவரின் விருப்பமாக இருக்கட்டும்.